ஆணியில் தொங்கிய நீலத் துணி

நாலாம் நம்பர் டேபிளில் அந்தக் குழந்தை வாந்தி எடுத்தபோது, நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு தண்ணீர் டம்ளரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

டம்ளரைப் போய் யாராவது மோந்து பார்ப்பார்களா என்று கேட்காதீர்கள். நான் பார்ப்பேன். புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் முப்பது வருஷம் நர்ஸாகக் குப்பை கொட்டியவள். கண் ஏமாறும், காது ஏமாறும், என் மூக்கு ஏமாறாது என்று அந்த நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மார்கழி மாதச் சனிக்கிழமை. ஸ்ரீரங்கத்தில் அன்றைக்கு ஹோட்டல்களின் கதி என்னவென்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற கூட்டம், சேவிக்கப் போகிற கூட்டம், இரண்டும் ஒன்றாக உள்ளே நுழையும். சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் இன்னொருவர் நின்று, அவர் இலையில் மோர் சாதம் எவ்வளவு பாக்கி என்று எட்டிப் பார்ப்பார்.

அந்த நெரிசலில், பச்சைப் பாவாடை கட்டிய ஒரு நாலு வயசுக் குழந்தை, தின்ற பொங்கலை அப்படியே மேஜை மேல் கொட்டிவிட்டது. மேஜையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து பக்கத்து மேஜையின் காலடிக்கு. எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். பின்னால் நின்றவர்கள் மட்டும் நகரவில்லை. நகர்ந்தால் இடம் போய்விடுமே!

துப்புரவு வேலை செய்யும் செல்வி சிவப்பு வாளியோடு ஓடி வந்தாள். கையுறை மாட்டிக்கொண்டாள். பழைய பேப்பரை மேலே போட்டு மூடினாள், வழித்தெடுத்தாள், பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே எல்லாம் நடந்தது.

"அக்கா, சீக்கிரம்! கூட்டம் நிக்குது!" என்று கல்லாவிலிருந்து கண்ணன் கத்தினான். அவன்தான் முதலாளி, என் சித்தப்பா மகன்.

பிளீச்சிங் தண்ணீர் ஊற்றினால் பத்து நிமிஷம் யாரும் தொடக்கூடாது என்பது நான் போட்ட சட்டம். அன்றைக்கு மூன்று நிமிஷம்கூட ஆகியிருக்காது. செல்விக்கு இரண்டு கையும் போதவில்லை. ஐந்தாம் நம்பருக்குக் கீழே சிதறியிருந்ததை நானே குனிந்து துடைத்தேன். அறுபது தாண்டியும் குனிய முடிகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. குழந்தையின் அம்மா அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு ஆறுதல் சொல்லி, குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் கலக்கக் கிளம்பிவிட்டேன்.

என் மூக்கின் கதை

நான் ஹோட்டல் சூப்பர்வைசர் ஆனதே ஒரு வேடிக்கை. ரிட்டையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த மூன்றாம் மாதமே, என் வீட்டுக்காரர் தாங்காமல் போய்க் கண்ணனிடம் முறையிட்டிருக்கிறார். "உங்க அக்காவை எங்கேயாவது கூட்டிட்டுப் போப்பா. பால் பாக்கெட்டைக்கூட சந்தேகக் கண்ணோட பாக்கறா."

அவர் சொன்னது பொய்யில்லை. கல்யாணமான புதிதில் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்கு என்னை ஆசையாக அழைத்துப்போனார். நான் ஸ்பூனை முந்தானையால் துடைத்தேன். தட்டைத் திருப்பிப் பார்த்தேன். சட்னி கொண்டு வந்தவர் நகத்தைப் பார்த்துவிட்டு, சட்னி வேண்டாம் என்றேன். "உன்கூட ஹோட்டலுக்கு வர்றது போலீஸைக் கூட்டிக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு" என்றார். பிறகு ரொம்ப நாளைக்கு எங்கேயும் கூட்டிப்போகவில்லை.

கண்ணனின் கடைக்கு நான் வந்த முதல் நாளே சட்டம் போட்டுவிட்டேன். காலையில் கடை திறந்ததும் வேலை செய்கிற ஆறு பேரும் வரிசையாக நிற்கவேண்டும். கையை நீட்டவேண்டும். ஒவ்வொரு கையாகப் பிடித்து மோந்து பார்ப்பேன். சோப்பு வாசனை வரவில்லையென்றால், "போய் இன்னொரு தடவை கழுவிட்டு வா." பெரியவர், சின்னவர் பேதமே கிடையாது. அவர்கள் என்னைச் 'சிஸ்டரம்மா' என்று கூப்பிட்டது மரியாதையாலா, கோபத்தாலா என்று நான் விசாரிக்கவில்லை.

அப்புறம் துணிகள். ஹோட்டலில் வியாதி பரவுவது பெரும்பாலும் துடைக்கிற துணியால்தான். அழுக்கை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் பூசுகிற வேலையைத்தான் அது செய்கிறது. அதனால் நாலு நிறத்தில் துணி வாங்கி, என் கையாலேயே ஓரம் தைத்தேன். மஞ்சள் சாப்பாட்டு மேஜைக்கு. வெள்ளை சமையல்கட்டு மேடைக்கு. நீலம் தரைக்கு. சிவப்பு, வாந்தி, ரத்தம் போன்ற சமாசாரங்களுக்கு மட்டும். ஒவ்வொன்றுக்கும் தனி ஆணி. எது எங்கே தொங்கவேண்டும் என்பதையும் நானே தீர்மானித்தேன்.

பதில் பேசாதவள்

செல்வி மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்.

கொள்ளிடக்கரைப் பக்கத்திலிருந்து நடந்து வருவாள். நாற்பது வயசிருக்கும். நான் எவ்வளவு திட்டினாலும் ஒரு வார்த்தை பதில் வராது. கையை மோந்து பார்க்கும்போது மற்றவர்கள் சிரிப்பார்கள், முணுமுணுப்பார்கள். இவள் மட்டும் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பதில் பேசாதவர்களை எனக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. வார்டில் நோயாளிகளே ஆனாலும், கத்துகிறவர்களை நம்புவேன். பேசாமல் கிடப்பவர்கள்தான் ஏதாவது மாத்திரையைத் தலையணைக்கு அடியில் ஒளித்திருப்பார்கள்.

ஒரு நாள் மூன்றாம் நம்பர் மேஜையின் கால் இடுக்கில், யாருக்கும் தெரியாமல் நாலு கடுகு போட்டு வைத்தேன். சாயந்திரம் பார்த்தால் ஒன்றையும் காணோம். மறுநாள் ஜன்னல் மூலையில் போட்டேன். அதையும் காணோம். ஒழுங்காக வேலை செய்கிறாள் என்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டுமா, இல்லையா? நானோ, 'நான் கடுகு போடுவதை இவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?' என்று யோசித்தேன். இப்போது எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கைலாசபுரத்திலிருந்து ஒரு போன்

திங்கட்கிழமை காலையில் கண்ணனுக்கு ஒரு போன் வந்தது. பேசப் பேச அவன் முகத்தில் ஈயாடவில்லை.

பேசியவர் கைலாசபுரத்தில் இருக்கும் நடராஜன் சார். சனிக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு கோயிலுக்கு வந்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை எங்கள் கடையில் சாப்பிடுகிறவர். கண்ணன் போனை என்னிடம் கொடுத்தான்.

"சிஸ்டர், வீட்ல நாலு பேருக்கும் ஞாயித்துக்கிழமையிலேருந்து வாந்தி, பேதிங்க. பேத்திக்கு டிரிப்ஸ் ஏத்தியிருக்கோம். இப்ப பரவால்ல. நான் எங்கேயும் புகார் பண்ணப் போறதில்ல. ஆனா எதனாலன்னு கண்டுபிடிச்சு எனக்கு உண்மையைச் சொல்லுங்க. அது போதும்."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சனிக்கிழமை கடையில் சாப்பிட்ட எங்கள் ஆட்களில் இரண்டு பேரும் திங்கட்கிழமை வயிற்று வலி என்று லீவு. குழந்தை வாந்தி எடுத்தது பதினோரு மணி. இவர்கள் சாப்பிட்டது ஒரு மணி. ஒன்றரை நாளுக்குள் வியாதி. வார்டில் இந்தக் கணக்கை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்!

நேரே போய்த் துணிகளை எண்ணினேன். ஒரு நீலத் துணி குறைந்தது. அது தொங்கவேண்டிய ஆணியில் ஒரு பழைய சேலைக் கிழிசல் தொங்கியது.

"கண்ணா, நடைவழிக் கேமராவைப் போடு" என்றேன்.

அவன் போனிலேயே பின்னாலிருந்து தேடிக் காட்டினான். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. கடைக்குள் யாருமில்லை. நடைவழியில் செல்வி வருகிறாள். ஆணியிலிருந்து நீலத் துணியை எடுக்கிறாள். முகத்தருகே கொண்டுபோகிறாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள். ஒரு கறுப்புப் பையில் திணித்து, கொல்லைக் கதவு வழியாக வெளியே போகிறாள்.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். வாந்தியைத் துடைத்த துணியால் மேஜையையும் துடைத்துவிட்டு, அப்புறம் தடயத்தை ஒழித்திருக்கிறாள். இதில் இன்னும் என்ன கேள்வி?

கூப்பிட்டு நிறுத்தினேன். "அந்தத் துணி எங்கடி?"

"குப்பையில போட்டேன்மா."

"ஏன் போட்டே?"

என்னைப் பார்த்தாள். கண்ணனைப் பார்த்தாள். அப்புறம் தரையைப் பார்த்தாள்.

"வாயைத் திறந்து சொல்லுடி. டிரிப்ஸ் ஏத்திக்கிட்டு ஒரு குழந்தை கிடக்குது."

"நான் அந்தத் துணியால எதையும் துடைக்கலம்மா" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

"நாளையிலேருந்து வரவேணாம்" என்றான் கண்ணன். அவள் தன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஸ்ரீரங்கத்தில் ஹோட்டல்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். 'வாந்தித் துணியால் மேஜை துடைத்தவள்' என்ற பெயரோடு போனால் எந்தக் கடையில் சேர்ப்பார்கள்? அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். சந்தேகம் நிரூபணமான திருப்தி இருக்கிறதே, அது பொல்லாதது.

மாமாவின் நியாயம்

எங்கள் சமையல்காரர் சம்பத் மாமா. வடக்குச் சித்திரை வீதிக்காரர். குளிக்காமல் அடுப்பைத் தொடமாட்டார். சமைக்கும்போது எதையும் வாயில் போட்டுப் பார்க்கமாட்டார். உப்பு சரியா என்பதை வாசனையிலேயே சொல்லிவிடுவார். கடையில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

புதன்கிழமை, ஏதோ கேட்க உள்ளே போனேன். மாமா, ஆணியில் புதிதாக மாட்டிய நீலத் துணியால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காய் நறுக்குகிற மேடை. அதன் மேல் தரைத் துணி!

"மாமா! என்ன பண்றீங்க?" என்று அலறிவிட்டேன்.

"ஏன் இப்படிக் கத்தறேள் சிஸ்டர்? மேடையைத் துடைக்கறேன்."

"அது தரை துடைக்கிற துணி மாமா!"

"அதனாலென்ன? வெள்ளைத் துணி ஈரமா இருந்தது. இது எச்சல் துணி இல்லையே! மஞ்சத் துணி சாப்பிட்ட எடத்தைத் துடைக்கறது, அதை நான் கையாலயும் தொடமாட்டேன். இது தரையோட சரி. அலம்பித்தானே தொங்கவிட்டிருக்கேள்?"

"சனிக்கிழமையும் நீலத் துணியைத்தான் எடுத்தீங்களா?"

"ஆமா. மத்தியானம் பச்சடிக்கு வெள்ளரிக்காய் நறுக்கணும். அன்னிக்கும் நீலத்தாலதான் துடைச்சேன். கொஞ்சம் ஈரமா இருந்தது. ஏன், என்ன ஆயிடுத்து?"

பச்சடி. அடுப்பில் ஏறாத பண்டம். அதைச் சாப்பிட்டவர்கள்தான் படுத்தார்கள்.

மாமாவைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை. உறையூரில் நான் பிறந்த வீட்டிலும் இதே நியாயம்தான். சாப்பிட்ட இடத்தைத் துடைத்த துணியை ஏதோ பாவம் செய்தது போல மூலையில் ஒதுக்கி வைப்பார்கள். கூடத்தைத் துடைத்த துணி தாராளமாகச் சமையலறைக்குள் போய் வரும். கிருமியை யார் பார்த்தார்கள்? எச்சில் என்றால்தான் எங்களுக்குப் பதறும்.

அது மட்டுமா? ஆணி அடிக்க இடம் சொன்னது நான். மஞ்சளைக் கொல்லைக் குழாய்ப் பக்கம் தள்ளி அடிக்கச் சொன்னேன். நீலத்தைச் சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே அடிக்கச் சொன்னேன். ஏன் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால், "எச்சில் துணி உள்ளே வரக்கூடாது" என்றுதான் சொல்லியிருப்பேன். முப்பது வருஷ நர்ஸ்!

யாருடைய முதுகு?

அப்போதும் என் புத்தி செல்வியை விடவில்லை. வாந்தி துடைத்த நீலத் துணியைப் பிளீச்சிங்கில் ஊறப்போடாமல் ஆணியில் மாட்டியது யார்? அவளாகத்தானே இருக்கவேண்டும்? மாமா செய்தது அறியாமை, அவள் செய்தது அலட்சியம். அதற்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டால் என் மனசு சமாதானமாகிவிடும்.

"கண்ணா, சனிக்கிழமை பதினோரு மணியைப் போடு."

கண்ணன் விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். நடைவழி தெரிந்தது. ஒரு பொம்பளை அவசர அவசரமாக வருகிறாள். குழாயில் துணியை இரண்டு அலசு அலசுகிறாள். பிழிந்து, ஆணியில் மாட்டிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி ஓடுகிறாள். கேமரா பின்னாலிருந்து பார்ப்பதால் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

"செல்வி இல்லையே இது. யாருடா இது, கொண்டை போட்டுக்கிட்டு? கையைக்கூட சேலையில துடைக்கிறா பாரு, சுத்தம் தெரியாத ஜென்மம்!"

கண்ணன் என்னையே பார்த்தான்.

"அக்கா... நீங்கதான்க்கா அது."

நம்முடைய முதுகை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? அந்தச் சேலையைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஐந்தாம் நம்பருக்குக் கீழே குனிந்து துடைத்தேனே, அது இந்தத் துணிதான். சிவப்புத் துணி செல்வி கையில் இருந்தது. ஓடிப்போய்க் கைக்கு எட்டியதை இழுத்தேன். அப்புறம் ஊறப்போடலாம் என்று மாட்டினேன். குழந்தையின் அம்மாவைச் சமாதானப்படுத்தப் போய், சுத்தமாக மறந்தேபோனேன்.

கண்ணன் போனை அணைத்துப் பைக்குள் போட்டான். பிறகு, "விடுங்கக்கா. நமக்குள்ளேயே இருக்கட்டும். எனக்குத் தெரிஞ்ச கல்யாண மண்டபத்துல அவளுக்கு ஒரு வேலைக்குச் சொல்லிடறேன். அவளும் பொழைச்சுப்பா, உங்க பேரும் கெடாது" என்றான்.

உங்களிடம் மறைப்பானேன்? அவன் சொன்னது ஒரு நிமிஷம் எனக்கு இதமாகத்தான் இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஊரிலுள்ள எல்லோரையும் சந்தேகப்பட்டவள், சந்தேகப்பட வேண்டிய ஒரே ஆளை விட்டுவைத்திருந்தேனே!

நடராஜன் சாருக்கு நானே போன் போட்டேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

"பேத்தி வீட்டுக்கு வந்துட்டா சிஸ்டர்" என்றார். "அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிட்டீங்களா?"

செல்வி வீட்டில்

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் கொள்ளிடக்கரைப் பக்கம் விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். செல்வி வாசலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இதற்குள் இரண்டு ஹோட்டலில் போய்க் கேட்டிருக்கிறாள். இரண்டிலும், 'கண்ணன் கடையில இருந்த பொண்ணுதானே?' என்று கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்களாம்.

"அந்தத் துணியை மாட்டினது நான்தான் செல்வி. அது தெரியாம மாமா அதால காய் நறுக்குற மேடையைத் துடைச்சுட்டாரு" என்றேன்.

"தெரியும்மா. நான் நாலாம் நம்பர்லதானே இருந்தேன். நீங்க துடைச்சதைப் பாத்தேன்."

"அப்புறம் ஏண்டி அன்னைக்கே சொல்லல?"

"மூணு மணிக்குத் தரை துடைக்கலாம்னு எடுத்தா நாத்தம் குடலைப் புடுங்குச்சு. உங்ககிட்ட கொண்டாந்து காட்டலாம்னுதான் நெனச்சேன். காட்டியிருந்தா என்னம்மா பண்ணியிருப்பீங்க? என் கையைத்தான் மோந்து பாத்திருப்பீங்க. அதான் தூக்கிப் போட்டுட்டு, வீட்லேருந்து கொண்டாந்திருந்த கிழிசலை மாட்டினேன். அதுக்கு முன்னாடியே மாமா அந்தத் துணியால மேடையைத் துடைச்சிருப்பாருன்னு நான் கண்டேனா?"

"திங்கக்கிழமை கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"முதலாளி அண்ணன் முன்னாடி உங்களைச் சொல்றதா? சொன்னா மட்டும் நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்கமாட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சுடு செல்வி."

"அதெல்லாம் எதுக்கும்மா எனக்கு?" என்றாள். முதல் தடவையாக அவள் குரல் உயர்ந்தது. "இங்க என் வாசல்ல வந்து சொன்னா யாருக்குத் தெரியும்? கடையில சொல்லுங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அப்புறம் வரேன்."

வரிசையில் ஒரு கை

வெள்ளிக்கிழமை காலை, கடை திறந்ததும் வழக்கம்போல ஆறு பேரும் வரிசையில் நின்றார்கள். செல்வி கடைசியில் நின்றாள். கண்ணன் கல்லாவில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

நடந்ததைச் சொன்னேன். துணியை மாட்டியது நான், மறந்தது நான், பழியை அவள் மேல் போட்டதும் நான் என்று சொன்னேன். சம்பத் மாமா, "நானும் கேக்காம எடுத்துட்டேனே" என்று மெல்லச் சொன்னார். நீலத் துணியின் ஆணியைப் பிடுங்கிக் கொல்லைப்புறம் அடித்தாகிவிட்டது என்பதையும், பத்து நிமிஷம் என்றால் இனி பத்து நிமிஷம்தான், கூட்டம் நின்றால் நிற்கட்டும் என்பதையும் சொன்னேன். இனி ஒரு வாரத்துக்குக் கை பார்க்கிற வேலை செல்வியுடையது என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. செல்வி முன்னால் வந்தாள். மாமா கையில் தொடங்கி ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். முடித்துவிட்டு, என் எதிரில் வந்து நின்றாள்.

நானும் கையை நீட்டினேன். வந்ததும் வராததுமாகக் கண்ணன் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் பேச நின்றவள் நான். கழுவினேனா, இல்லையா என்று எனக்கே நினைவில்லை. எங்கே பார்ப்பதென்று தெரியாமல், தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் என் கையைப் பிடித்து, நிதானமாக மோந்து பார்த்தாள்.

"போய் இன்னொரு தடவை கழுவிட்டு வாங்கம்மா" என்றாள்.

கழுவப் போனேன்.